வேறு யார் எடுக்கலாம்?

அவள் எடுக்காத கேசட் ஒன்று அவள் பெயரில் வெளியே போயிருந்தது.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், ஒற்றை ஜன்னலும் சுவர் தெரியாத அளவுக்கு அலமாரிகளுமாக இருந்த அந்த வீடியோ கடையில், எல்லாரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் கடைக்காரர் தன் தடித்த மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டின் மேல் மூக்கு படக் குனிந்தார்.

"ஒண்ணு உங்ககிட்ட இருக்கே மேடம். குழந்தைங்க படம். அதக் குடுத்துட்டு இன்னொண்ணு எடுத்துக்கோங்க."

"நான் மெம்பரானதே போன சனிக்கிழமைதான். இன்னும் ஒண்ணுமே எடுக்கலியே."

"இங்க எடுக்கல. ஸ்டேஷன் கடையில. செவ்வாக்கிழமை." அவர் விரல் வரியின் கீழே ஊர்ந்தது. "ஒரு கடையில மெம்பரானா அஞ்சு கடையிலயும் எடுக்கலாம்னு சொன்னேன் இல்ல? எங்க எடுத்தாலும் சாயங்காலம் போன்ல சொல்லிக்குவோம். ஸ்டேஷன் கடை அக்கா வேற யாரோடதயோ உங்க பேர்ல எழுதியிருக்கும். அதுக்குக் கண்ணு என்னைவிட மோசம். ஆனா கண்ணாடி போட மாட்டேங்குது, அழகு கெட்டுடுமாம்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். படி இறங்கும்போதுதான் அந்தச் சிரிப்பு அவள் வாயிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள்.

அந்த நகரத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கணவர் உயிரோடு இருந்தபோது இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர். அவர் பாலம் கட்டும் கம்பெனியில் வரைபடம் வரைபவர். பாலம் முடிந்தால் ஊரும் முடியும். புது வீட்டில் மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே டிவியையும் வீடியோ டெக்கையும் மட்டும் எடுத்துத் துடைத்துவைத்துவிட்டு, கேசட் கடை தேடிக் கிளம்பிவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. தெருவில் போகிறவர்களைக் கேட்க மாட்டார். டெக் ரிப்பேர் செய்கிறவரைத் தேடிப் போவார். எந்தக் கடைக் கேசட்டைப் போட்டால் டெக்கின் தலையில் அழுக்கு படிகிறது, எந்தக் கடைக்காரர் நாடாவைத் துடைத்துக் கொடுக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய கடைகளைத் தாண்டி, எங்கோ ஒரு சந்தில், தனி ஆள் நடத்தும் கடையைக் கண்டுபிடித்து, சட்டைக்குள் கேசட்டோடு திரும்பி வரும்போது ஊரையே விலைக்கு வாங்கிவிட்டது போல முகம் மலர்ந்திருக்கும். "கேசட் கடை கிடைச்சிருச்சு. இனிமே மூட்டையப் பிரிக்கலாம்" என்பார்.

ஏழாவது ஊரில் அவருக்குத் தொண்டை கெட்டது. டாக்டர்கள் கழுத்தில் ஒரு துளை போட்டு அதில் ஒரு குழாயைச் செருகினார்கள். அதன்பின் அவர் பேசவில்லை. கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, துண்டுச் சீட்டுகளில் எழுதிக் காட்டினார். மூச்சு விடும்போது குழாயில் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். அந்த நிலையில் மகள் பார்க்க வேண்டாம் என்று அவள்தான் முடிவு செய்தாள். வார்டில் நான்கு மாதம். கடைசி நாட்களில் எல்லாச் சீட்டிலும் ஒரே சொல்தான் இருந்தது. வீட்டுக்கு. "அடுத்த வாரம் போலாம்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அடுத்த வாரம் அவர் இல்லை.

அதற்குப் பிறகு இந்த நகரத்தில், டெலிபோன் டைரக்டரி அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. போன வருடத்துப் பெயர்களில் இறந்துபோனவர்களை, வீடு மாறியவர்களை, ஒவ்வொருவராகச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பேரைக் கை நடுங்காமல் அடித்தாள். ஆனால் வீடு பார்க்கப் போனபோது, கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா "வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டதும், "வெளியூர்ல சைட்ல இருக்கார், வருவார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆண் இல்லாத வீட்டுக்கு யோசிப்பார்கள் என்பதால் அப்படிச் சொன்னதாகப் பிறகு தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் கடையில் மெம்பர் ஆனபோது நடந்ததற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. தாளில் மூன்று வரிகள். பெயர். முகவரி. வேறு யார் எடுக்கலாம்? ஏழு ஊரிலும் அந்த மூன்றாவது வரியில் கணவர் அவள் பெயரை எழுதியிருக்கிறார். பேனா அங்கே வந்து நின்றது. ஒரு கோடு போட்டிருந்தால் போதும். அவள் அவருடைய பெயரை எழுதினாள். முதல் முறையாக அவர் பெயரும் புது வீட்டு முகவரியும் ஒரே தாளில் சேர்ந்தன.

எடுக்காத கேசட்டைப் பற்றித் தெரிந்த அன்று பிற்பகலே, எட்டு வயது மகளை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, ஸ்டேஷன் கடைக்குப் பஸ் ஏறினாள். நகரத்தின் அந்தக் கோடி. ரயில் நிலையத்துக்குப் பின்னால், சாமான்கள் வைக்கும் அறைக்கும் ஒரு பழைய குடோனுக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிற சந்தில் அந்தக் கடை இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் கேசட் பெட்டிகள் பல் கிட்டுவது போல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கடைக்கார அக்கா நோட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தாள்.

"ஓ, நீங்கதானா அது! உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாருங்க. தொண்டையில ஏதாவது ஆபரேஷனா? பேசல. கழுத்துல கைக்குட்டை. சீட்டுல எழுதி நீட்டினாரு. எனக்கும் வாச்சிருக்காரே ஒருத்தர், தூக்கத்துலகூட வாய் ஓயாது. உங்க ஆளு தங்கம்."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சீட்டு இருக்கா?"

சுவரில் ஒரு கம்பியில் ரசீதுகளோடு அது குத்தியிருந்தது. குழந்தைக்கு ஒரு படம். பாலத்தின் வரைபடத்தில் செய்வது போல ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தனித்தனியாக ஒரு கோடு. தாளைத் தொட்டாள். நான்கு நாளாகியும் அது ஈரமாக இருந்தது. விரல் நுனியை முகர்ந்தபோது ஸ்பிரிட் வாசனை வந்தது. அதற்கு அடியில், வார்டில் மதிய வேளையில் எழும் அந்தத் தித்திப்பான வாடை, நனைந்த பஞ்சின் வாடை.

"அவர் பேரத் தப்பா சேத்துட்டீங்கன்னா இப்பவே அடிச்சிருங்க" என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா பேனாவை நீட்டினாள். "நான் அடிக்க முடியாது. யாரு ஒருத்தர் பேர எழுதிச் சேத்தாங்களோ அவங்க கையாலதான் அடிக்கணும், அதுவும் ஒவ்வொரு கடை நோட்டுலயும். அதுதான் எங்க அஞ்சு கடைக்கும் பேச்சு. போன வருஷம் ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டையில ஆளாளுக்கு அடிச்சு, கடைசில எங்கள வந்து அடிக்காத குறை."

அவள் பேனாவைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, "எங்க போனார்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஊருக்குள்ள எப்படிப் போகணும்னு எழுதிக் கேட்டாரு. நான்தான் வழி சொல்லி அனுப்பினேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷம்தான் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத அதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வாசல் விளக்கை அணைக்கவில்லை.

திங்கட்கிழமை மார்க்கெட் கடையில் முதல் கேசட் திரும்பி வந்து, வேறொரு குழந்தைப் படம் போனது. புதன்கிழமை தியேட்டர் சந்துக் கடையில் ஒன்று. பிரஸ்ஸிலிருந்து தினமும் கண்ணாடிக்காரருக்குப் போன் செய்து கேட்டாள். டைரக்டரியின் கடைசியில் மடித்துவைக்கும் நகர வரைபடத்தில் அந்த இடங்களைப் பென்சிலால் குறித்தாள். ஸ்டேஷன். மார்க்கெட். தியேட்டர் சந்து. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில், அவள் வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தன.

அவர் எடுத்தது எல்லாமே குழந்தைப் படங்கள் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. அவருக்குக் குழந்தைப் படம் பிடிக்காது. பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, அப்பா ஏன் கழுத்துல துணி கட்டியிருக்கார்?"

கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை. கைக்குட்டையைப் பற்றி மகளிடம் யாரும் சொன்னதில்லை.

"எங்கடி பாத்தே?"

"ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம். நேத்தும் நின்னார். இன்னைக்கும் நின்னார்."

"என்ன செஞ்சார்?"

"கைய ஆட்டி வா வான்னார். லாரியா வந்துது. நான் போகல. நீதானே ரோட்டத் தாண்டக் கூடாதுன்னு சொன்னே?" மகள் தட்டில் கோடு கிழித்தாள். "அப்பா செத்துட்டார்னு பொய்தானே சொன்னே?"

லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது கையை ஆட்டி, வா வா என்று. அந்தக் கையை அவள் மனதில் பார்த்தாள். நான்கு மாதம் அவள் காட்டாமல் வைத்திருந்த குழந்தையைக் கேட்கும் கை. அவர் வீட்டுக்கு வருவதற்காகத்தான் வருகிறார் என்று யார் சொன்னது? அவள் சொன்னாள். அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

வாசலுக்குப் போய் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டுக்காரம்மாவிடம் விட்டாள். "எங்கயும் அனுப்பாதீங்க. நான் வர்ற வரைக்கும் உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும்." வீட்டுக்காரம்மா "நான் என்ன வித்துடவா போறேன்?" என்று சிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் கடையில் அக்கா நீட்டிய பேனாவை வாங்கி அவர் பெயரை அடித்தாள். முந்நூறு பெயர்களை அடித்துப் பழகிய கை, ஒரு பெயருக்கு வியர்த்தது. மார்க்கெட் கடையில் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்து அடித்தாள். தியேட்டர் சந்துக் கடையில் நோட்டு கிடைக்காமல் அலமாரியையே இறக்கித் தேடி அடித்தாள். ஒவ்வொரு நோட்டிலும் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தில் ஊறி அலை அலையாக எழும்பியிருந்தது.

சைக்கிள் கடை மாடிப்படி ஏறும்போது மணி ஐந்தரை. மழை இருட்டு. கண்ணாடிக்காரர் குழல்விளக்கைப் போட்டிருந்தார்.

"உங்க சார் மத்தியானம் இங்கயே வந்துட்டாரு மேடம். அதோ, அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. பாவம், மூச்சு விட்டா விசில் அடிக்குது."

ஸ்டூலுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அவர் பெயரை அடித்தாள். நான்கு. "அஞ்சாவது கடை எங்க இருக்கு? சொல்லுங்க. சீக்கிரம்."

"அதுவா? உங்க வீட்டுக்குப் பின் தெருவுலதான். லாண்டரி இருக்கில்ல, அதுக்குள்ள ஒரே ஒரு அலமாரி. போர்டு கிடையாது. நாங்க நாலு பேரும் சொல்லிப் பாத்துட்டோம், அந்த மனுஷன் வைக்க மாட்டேங்கறாரு."

லாண்டரி. வாரம் இரண்டு முறை மகளும் அவளும் துணி கொண்டுபோய்ப் போடும் இடம்.

கண்ணாடிக்காரர் மேஜையில் இருந்த போனை எடுத்து வீட்டுக்காரம்மாவின் எண்ணைச் சுழற்றினாள். இரண்டு தடவை தப்பாகச் சுழற்றினாள்.

"அடேயப்பா, நீங்களா!" வீட்டுக்காரம்மாவின் குரல் சந்தோஷத்தில் துள்ளியது. "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரே! உங்க பொண்ணு இருக்காளே, சரியான அழுத்தக்காரி, அப்பா வர்றார்னு ஒரு வார்த்தை சொல்லல. அவரப் பாத்ததும் ஓடிப்போய் கையப் புடிச்சுக்கிட்டா."

"அனுப்பாதீங்கன்னு சொன்னேனே!"

"பெத்த அப்பன்கூட அனுப்பாம? லாண்டரிக்குப் போயிட்டு மேல போறோம்னு சீட்டுல எழுதிக் காமிச்சாரு. நான்தான் மாடிச் சாவியக் குடுத்தேன். கை ஐஸாட்டம் இருந்துச்சுங்க. நல்லா நனஞ்சிட்டாரு போல. சூடா எதாவது குடுங்க, போய்."

அவள் போனை வைத்தாளா, அப்படியே விட்டாளா, தெரியாது. ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. பின் தெரு. லாண்டரியின் வாசலில் வெள்ளை ஆவி.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு லாண்டரிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா இப்படி நனஞ்சிட்டீங்க? இப்பத்தான் அப்பாவும் பொண்ணும் போறாங்க. அஞ்சு நிமிஷம் ஆகல."

"நோட்டு. நோட்டக் குடுங்க."

புரட்டினாள். அவள் பெயர். முகவரி. வேறு யார் எடுக்கலாம். அவர் பெயர். அடித்தாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. ஐந்து. ஐந்தும் முடிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

அடுத்த வரியில் மை இன்னும் காயவில்லை. பெரிய பெரிய எழுத்துகள். இரண்டாம் வகுப்புக் கையெழுத்து. மகளின் பெயர். வீட்டு முகவரி. வேறு யார் எடுக்கலாம்?

அப்பா.

அம்மா என்று இல்லை.

"இது யார் எழுதச் சொன்னது?"

"அவதாம்மா கேட்டா. தனியா மெம்பராகணுமாம். அவர் நாற்காலியப் புடிச்சுக்கிட்டாரு, ஏறி நின்னு எழுதினா. ஆசப்படுதேன்னு விட்டேன்." அவள் பேனாவை அந்த வரியில் வைப்பதைப் பார்த்து அவர் தயங்கினார். "அது நீங்க எழுதினது இல்லீங்களே. அவதான் வந்து அடிக்கணும்."

அவள் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். எழுத்து தெரியாமல் கறுக்கும்வரை அடித்தாள். நோட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாடிப்படி முழுக்க ஈரத்தடம். பெரிய கால் ஒரு ஜோடி. சின்னக் கால் ஒரு ஜோடி. பாதிப் படிக்கு மேல் பெரிய கால் மட்டும்.

தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கதவு திறந்திருந்தது. விளக்கு இல்லை. டிவி வெளிச்சம் சுவரில் நீலமாக, மஞ்சளாக, நீலமாக. படத்தில் எதுவோ தடுக்கி விழுந்தது. மகள் சிரித்தாள்.

இருக்கிறாள்.

சிரிக்கிறாள். மூச்சு விடுகிறாள். சோபாவில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு. தனியாக. அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சமையலறையைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

டிவிக்கு முன்னால் போய், மகளுக்கு நேரே நின்றாள்.

"எழுந்திரு. கிளம்பு. இப்பவே."

மகள் நிமிரவில்லை. சோபாவின் நடுவில் இல்லை அவள். ஓரமாக, இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. ஒரு தோளின் உயரத்துக்கு. அங்கே தோள் இல்லை. ஆனால் கன்னம் எதன் மேலோ அழுந்தி, உதடு ஒரு பக்கமாகக் கோணி, கண் பாதி இடுங்கியிருந்தது.

"தள்ளும்மா" என்றாள் மகள், படத்தைப் பார்த்தபடியே. "மறைக்குதாம்."

அவள் தள்ளி நின்றாள்.

காலியாக இருந்த பக்கத்து மெத்தை இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. மகளின் உச்சந்தலையில் முடி ஈரமாகப் படிந்தது. பிறகு பிரிந்தது. ஒன்று. இரண்டு. ஐந்து வகிடுகள். மெதுவாக, மிகவும் பிரியமாக, அவை காதுக்குப் பின்னால் இறங்கின. கழுத்துக்கு வந்தன. நின்றன.

மகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

மகளின் தொண்டைக் குழியில், ஒரு விரல் நுனி அளவுக்கு, தோல் உள்ளே அமுங்கத் தொடங்கியது.